காசிமேட்டு ஷாஃப்டும் பிளாட்டினத் துண்டும்

தண்டையார்பேட்டை

அன்புள்ள தனபாலுக்கு,

நலம், நலமறிய ஆவல். முழங்கால் ஆபரேஷனை மழைக்காலத்துக்கு அப்புறம் வைத்துக்கொள். பொன்மலையில் உன்னைப் பிடித்து உட்கார வைக்க தங்கச்சி ஒருத்தியால்தான் முடியும்.

நீ அனுப்பிய பேப்பர் கட்டிங்கைப் படித்தேன். உலோகத்தில் விழுந்த விரிசல் தானாகவே மூடிக்கொண்டதாம், இனிப் பாலமும் விமானமும் உடையவே உடையாது என்கிற தோரணையில் தலைப்புப் போட்டிருக்கிறான். விஷயம் என்னவோ நிஜம். 2023-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தில் பார்த்தது. 40 நானோமீட்டர் தடிப்பில் ஒரு பிளாட்டினத் துண்டை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குள் வைத்து, நொடிக்கு 200 தடவை இழுத்து இழுத்து விட்டார்கள். விரிசல் வளர்வதைப் பார்க்கத்தான் உட்கார்ந்தார்கள். சுமார் 40 நிமிஷத்தில் அதன் முனை சுவடில்லாமல் மூடிக்கொண்டது. அப்புறம் வேறு திசையில் மறுபடி கிளம்பியது, அது வேறு கதை. இப்படி நடக்கும் என்று டெம்கோவிச் என்கிற பேராசிரியர் 2013-லேயே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார். சுத்தமான இரண்டு உலோக முகங்கள் நெருங்கினால் சூடே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும், கோல்டு வெல்டிங்.

ஆனால் அது வெற்றிடத்தில் நடந்தது, அதுவும் பிளாட்டினத்தில். நம்ம காசிமேட்டைப் பார். போன மாதம் என் சின்ன மச்சானின் போட்டில் புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் நடுக்கடலில் முறிந்துவிட்டது. இன்னொரு போட்டு கயிறு கட்டி இழுத்து வந்தது. உடைந்த துண்டை என்னிடம் கொண்டுவந்தான். டீசலில் கழுவி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கீவே, அதாவது சாவிக்கட்டை உட்காரும் பள்ளம், அதன் மூலையில் ஆரம்பித்து, கிளிஞ்சல் ஓட்டில் இருக்குமே, அதே மாதிரி வரிவரியாக வளைகோடுகள். முக்கால்வாசி முகம் வழவழ, ஓரத்தில் மட்டும் சொரசொரவென்று கடைசியாக முறிந்த இடம். பாறையில் அடித்திருக்கும் என்கிறான் டிரைவர். ஒரே அடியில் உடைந்தால் வரி எப்படி வரும்? மாதக்கணக்கில் உள்ளே நகர்ந்திருக்கிறது. பழைய வரிகளில் துரு கறுத்துக் கிடந்தது. திறந்த விரிசலுக்குள் உப்புத்தண்ணீர் போய் துருப் பிடித்துவிட்டால் எந்த முகம் எதோடு ஒட்டும்? குறிப்பிட்ட பாரத்துக்குக் கீழே எஃகு எத்தனை கோடி சுற்றும் தாங்கும் என்று அப்ரண்டிஸ் காலத்தில் மனப்பாடம் பண்ணினோமே, அந்த எல்லையே கடல்தண்ணீரில் கிடையாது.

எனக்கென்னவோ 2015-இல் ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகம் காட்டியதுதான் பெரிதாகப் படுகிறது. வளைத்தால் பழைய உருவத்துக்கே திரும்பும் உலோகக் கலவை இருக்கிறதே, அதுவும் திரும்பித் திரும்பியே களைத்துப்போகும், அதாவது கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும். டைட்டானியம், நிக்கலோடு தாமிரமும் சேர்த்த மெல்லிய படலம் ஒன்று 1 கோடி தடவை உருமாறியும் களைக்கவில்லை. உள்ளே பொடிப்பொடியாக இருக்கும் டைட்டானியம்-தாமிரத் துகள்கள், ஒவ்வொரு தடவையும் அது முழுசாகத் திரும்ப வழிகாட்டுகின்றனவாம். உடைந்ததை ஒட்டுவதைவிட களைக்காமல் பார்த்துக்கொள்வது நல்ல வழி இல்லையா? இதற்கு எந்தப் பேப்பரும் கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்ட மாதிரி தெரியவில்லை.

இப்போது மச்சான் அந்தப் பழைய ஷாஃப்டையே வெல்டு வைத்து ஓட்டலாம் என்று நிற்கிறான். புதுசு போடு, கீவே மூலையை ரவுண்டாக எடுக்கச் சொல், பாலிஷ் பண்ணச் சொல் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். காசுக்கு யோசிக்கிறான். நீ சொன்னால் கேட்பான். இந்த ஞாயிறு சாயந்திரம் அவனுக்கு ஒரு போன் போடு. நான் சொல்லித்தான் பேசுகிறாய் என்று காட்டிக்கொள்ளாதே.

அன்புடன்,
சேகர்