குசினிக் காற்றுக்கும் ஒரு சட்டம் வேண்டும்

மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் வன்னியின் பிரதேச சபைகளுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரியீர்,

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1994இல் வெளியிடப்பட்டு 2008இல் திருத்தப்பட்ட காற்றுத்தர ஒழுங்குவிதிகளின்படி, 2.5 மைக்ரோமீற்றருக்கு உட்பட்ட நுண்துகள்கள் ஒரு கன மீற்றர் காற்றில் 24 மணிநேரச் சராசரியாக 50 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது. ஆனால் இந்த எல்லை வெளிக்காற்றுக்கு மட்டுமே உரியது. விறகடுப்பு எரியும் குசினிக்குள் எவ்வளவு புகை இருக்கலாம் என்பதை அது சொல்வதில்லை.

வன்னியில் இந்தக் குறை சிறியதல்ல. 2022இல் எரிவாயு கிடைக்காமலும் விலை ஏறியும் போனபோது, சிலிண்டருக்கு மாறியிருந்த வீடுகளும் விறகுக்கே திரும்பின. மாரியில் நனைந்த விறகு எரியாமல் புகைந்துகொண்டே இருக்கும்; தூவானம் அடிக்காதிருக்க யன்னலைத் தறப்பாளால் மறைத்துக் கட்டியிருப்போம். கூரைத் தகரத்தில் படிந்த கரி, தொட்டால் விரலில் பிசுக்காக ஒட்டும். ஊதுகுழலோடு குனிந்திருக்கும் தாயின் நெஞ்சுக்குள்ளும், அவள் இடுப்பில் இருக்கும் பிள்ளையின் நெஞ்சுக்குள்ளும் போவது அதே கரிதான். வீட்டுக்குள் எழும் இத்தகைய புகையால் 2020இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாகவும், அவர்களில் 2,37,000க்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

தாய்வான் 2011இலும் பெல்ஜியம் 2022இலும் உள்ளகக் காற்றுக்கெனத் தனிச் சட்டம் இயற்றின. இரண்டும் முதன்மையாகப் பொதுக் கட்டடங்களைக் கருதியவை. நமக்கு வேண்டிய சட்டம் முன்பள்ளிகளையும் வகுப்பறைகளையும் கட்டாயம் உள்ளடக்க வேண்டும்; எனினும் அது குசினியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அளவுகோலாக, இதே நுண்துகள்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த 24 மணிநேரச் சராசரியான 15 மைக்ரோகிராமை இறுதி இலக்காகக் கொண்டு, படிப்படியாக இறங்கும் இடைக்கால எல்லைகளை வகுக்கலாம்.

அச்சட்டம் அடுப்படியில் நிற்கும் பெண்ணைத் தண்டிப்பதாக ஒருபோதும் அமைந்துவிடக் கூடாது. வேறு எரிபொருளுக்கு வழியில்லாதவளிடம் அபராதம் கேட்பது அநியாயம். வீட்டுத் திட்டத்தை வரைபவரையும் அதற்கு நிதி தருபவரையும் அனுமதி வழங்கும் சபையையுமே அது கட்டுப்படுத்த வேண்டும். அணகி எனப்படும் மேம்படுத்திய களிமண் அடுப்பு விறகை மிச்சப்படுத்துவது உண்மை. ஆனால் புகைபோக்கி இல்லாத அறையில் அதன் புகையும் உள்ளேயேதான் சுழலும். ஆகவே கூரைக்கு மேலே உயர்ந்த புகைபோக்கியும், மழையிலும் திறந்திருக்கக்கூடிய காற்றுத் துவாரங்களும் இல்லாத வரைபடத்துக்குப் பிரதேச சபை கையொப்பமிடலாகாது. ஏற்கெனவே கட்டி முடிந்த வீடுகளுக்கு இவற்றைப் பொருத்த மானியம் தேவை. அதைச் சபைகள் தமது அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும். ஒழுங்குவிதிகளின் வரைவை அதிகாரசபை தமிழிலும் வெளியிட்டு, வர்த்தமானியில் வருமுன் வன்னியின் நான்கு மாவட்டங்களிலும் பெண்களை அழைத்துக் கருத்துக் கேட்க வேண்டுமெனப் பணிவுடன் கோருகிறேன்.

இங்ஙனம்,
கிளிநொச்சியிலிருந்து ஒரு குடியிருப்பாளர்