யாருடைய 'கோப்பு 12'?

ஆசிரியருக்கு வணக்கம்.

நாட்டின் ஆவணக் காப்பகங்களை ஒரே இணைய வலையில் சேர்ப்பது குறித்த உங்கள் கட்டுரை ஸ்கேனர், சர்வர் என்றே போகிறது. வலை சறுக்குவது பெரும்பாலும் பட்டியலில்தான்.

ஆவணங்களை எப்படி விவரித்துப் பட்டியலிடுவது என்று காப்பகங்கள் பின்பற்றும் ஐசாட்-ஜி என்ற சர்வதேச விதியில் (2000ஆம் ஆண்டுப் பதிப்பு) 26 கூறுகள் உண்டு. தகவல் பரிமாற்றத்துக்கு அவற்றில் ஆறு அவசியம்: குறியீட்டு எண், தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, விவரிப்பு நிலை (முழுத் தொகுதியா, அதனுள் ஒரு வரிசையா, தனிக் கோப்பா என்பது). அதே விதி, மேல்நிலையில் சொன்னதைக் கீழே திரும்ப எழுதாதே என்றும் சொல்கிறது. தொகுதிக்கு 'துறைமுகப் பொறியாளர் அலுவலகம்' என்று ஒருமுறை எழுதிவிட்டால், அதனுள் வரிசைக்குக் 'கடிதங்கள்', கோப்புக்கு '12, 1931–1934' என்று எழுதினால் போதும். அச்சுப் பட்டியலைப் புரட்டுகிறவருக்கு இதில் குழப்பமே இல்லை.

பொது வலை, ஓஏஐ-பிஎம்எச் என்ற தகவல் சேகரிப்பு நெறிமுறையில், காப்பகங்களின் பதிவுகளை ஒவ்வொன்றாக இழுக்கும்போதுதான் வினை. அந்த நெறிமுறை கட்டாயமாகக் கேட்பது டப்ளின் கோர் என்ற, 15 கூறுகள் மட்டும் கொண்ட எளிய விவரிப்பு வடிவம். அதில் படிநிலை தட்டையாகிவிடும். தேடுகிறவர் கண்ணில் படுவது வெறும் '12, 1931–1934'. யாருடைய பன்னிரண்டு? மூலப் பட்டியலைத் திருத்தத் தேவையில்லை. வெளியே அனுப்பும் நிரலே மேல்நிலைத் தலைப்புகளையும் உருவாக்கியவர் பெயரையும் கோத்து அனுப்பட்டும். இல்லையென்றால் முழுத் தொகுதியையும் காப்பகப் பட்டியலுக்கென்றே உள்ள ஈஏடி வடிவத்தில் ஒரே கோப்பாக அனுப்பலாம். அதில் படிநிலை குலையாது.

நீக்கிய பதிவைத் தெரிவிக்கும் வசதி இந்த நெறிமுறையில் கட்டாயமில்லை. அது இல்லாத காப்பகம், தனிமனித விவரம் இருக்கிறதென்று ஒரு பதிவை எடுத்துவிட்டாலும் பொதுத் தேடலில் அது தொங்கிக்கொண்டே இருக்கும். மென்பொருள் ஒப்பந்தத்திலேயே இந்த வசதியைக் கேட்டு வாங்க வேண்டும். அலமாரி எண்ணை இணைய முகவரியாக்குவதும் கூடாது. அலமாரி மாறும், இணைப்பு அறும். காலத்துக்கு இரண்டு புலங்கள் தேவை: படிக்க 'சுமார் 1930', தேட 1925–1935. 'சுமார்' என்றால் எத்தனை ஆண்டு என்பதை எல்லாக் காப்பகங்களும் முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

ஸ்கேன் பிறகு வரட்டும். ஏ4 தாள் ஒன்று, 300 டிபிஐ வண்ணத்தில், சுருக்காத டிஃப் படக் கோப்பாக ஏறத்தாழ 26 எம்பி. ஒரு லட்சம் பக்கம் 2.6 டிபி, மூன்று பிரதி வைத்தால் 8 டிபியைத் தொடும். அவை அந்தந்தக் காப்பகத்திலேயே இருக்கலாம், வலைக்கு விவரிப்பு போதும். முதல் கட்டமாகத் தொகுதிக்கு ஒரு பதிவு என்று எல்லாக் காப்பகங்களும் தந்தாலே ஆய்வாளருக்கு எங்கே போவது என்று தெரிந்துவிடும்.

கணினிப் பணியாளர் இல்லாத சிறு காப்பகத்துக்கு, மேலே சொன்ன ஆறு கூறுகளையும் பத்திகளாக வைத்த ஓர் எக்செல் தாள் போதும். தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். குறியீட்டு எண் பத்தியை மட்டும் முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று அமைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் '5/12' என்ற கோப்பு எண்ணை எக்செல் தேதியாக்கிவிடும். சேமித்த பிறகு அது '5/12'ஆ '12/5'ஆ என்று பார்க்க மறுபடி கோப்புக் கட்டைத்தான் அவிழ்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆவணப் பட்டியலாக்கத்தில் உள்ள வாசகர்கள்