பரிந்துரைச் சீட்டுக்குப் பிறகு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு ஒருமுறை அரசுப் பள்ளிகளுக்கு வந்து பிறவிக் குறைபாடு, ஊட்டச்சத்துக் குறைவு, பார்வைக் கோளாறு, வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், மேல்சிகிச்சைக்கென எழுதித் தரப்படும் சீட்டு என்னவாகிறது? வியாசர்பாடியில் நான் பணியாற்றிய பள்ளியில், கரும்பலகை தெரியாமல் பக்கத்து மாணவியின் நோட்டைப் பார்த்தே எழுதிவந்த ஆறாம் வகுப்புச் சிறுமியின் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் அச்சீட்டு மடித்தபடியே கிடந்தது; தினக்கூலிக்குப் போகும் தாயால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனை வரிசையில் நிற்க இயலவில்லை. (அவரை அலட்சியக்காரர் என்பது எளிது, நியாயமன்று.)

எனவே, மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் சனிக்கிழமை பிற்பகலைப் பள்ளி மாணவர்களுக்கென ஒதுக்கி, சீட்டு பெற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் சிகிச்சை கிடைத்ததா என்பதைத் தலைமையாசிரியரும் அப்பகுதிச் செவிலியரும் மாதந்தோறும் சரிபார்க்க வேண்டும். மனநல உதவிக்கு 14416 என்ற எண் இருக்கிறது; எனினும், வீட்டில் தனியே பேச இடமில்லாத மாணவருக்கு, வாரம் ஒருநாளாவது பள்ளிக்கு வரும் ஆலோசகரே தேவை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சென்னை