வாட்டர் ஸ்கூட்டர் வாங்குவோர் பம்பைப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாட்டர் ஸ்கூட்டர் வாங்க விரும்புவோருக்காகத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, சீ-டூ, யமஹா, கவாசாகி ஆகிய மூன்று நிறுவன வண்டிகளையும் குதிரைத்திறன், வேகம், விலை ஆகியவற்றைக் கொண்டே ஒப்பிட்டிருந்தது. கோவை கணபதிப் பகுதியில் 30 ஆண்டுகளாகப் பம்புசெட் பணிமனை நடத்தி வருபவன் என்ற முறையில், அதில் விடுபட்டதைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

இந்த வண்டியை நகர்த்துவது அதன் அடியிலுள்ள பம்புதான். அடிப்புறக் கம்பித் தடுப்பின் வழியே தண்ணீரை உறிஞ்சி, இம்பெல்லர் எனும் சுழலும் இறக்கைச் சக்கரத்தால் அழுத்திப் பின்புறம் பீய்ச்சுவதால்தான் வண்டி முன்னே பாய்கிறது. பொள்ளாச்சியிலுள்ள என் மைத்துனர், ஆலப்புழைக் காயலோரம் தாம் நடத்தும் விடுதிக்காகச் சென்ற ஆண்டு பழைய வண்டி ஒன்றை நிறமும் குதிரைத்திறனும் பார்த்து வாங்கினார். நான்காம் நாளே எஞ்சின் இரைந்ததே தவிர வண்டி நகரவில்லை. பணிமனையில் பிரித்துப் பார்த்தபோது, ஆகாயத்தாமரை வேர்கள், இம்பெல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டைச் சுற்றிச் சடைபோல் இறுகியிருந்தன. இம்பெல்லரைச் சூழ்ந்த வளையத்தில் மணல் உரசி, நகம் மாட்டும் ஆழத்துக்குக் கீறல்கள் விழுந்திருந்தன. அந்த இடைவெளி கூடினால் தண்ணீர் பின்வாங்கி அழுத்தம் குறையும் என்பது, நம் ஊரில் மோட்டாரும் பம்பும் ஒன்றாயிருக்கும் மோனோபிளாக்கைப் பழுது பார்க்கும் பையன்களும் அறிந்ததே.

அடுத்துக் கவனிக்க வேண்டியது எஞ்சின் குளிரும் விதம். யமஹாவும் கவாசாகியும் வெளித்தண்ணீரையே எஞ்சினுக்குள் செலுத்திக் குளிர்விக்கின்றன. அமைப்பு எளிது, ஆனால் சேறும் உப்பும் உள்ளே செல்லும். சீ-டூவின் ரோட்டாக்ஸ் எஞ்சினில் காரைப் போலக் கூலன்ட் எனும் குளிர்விக்கும் திரவம் தனியே சுற்றி வருகிறது. கலங்கிய நீருக்கு இதுவே மேல் என்பது என் கருத்து. எனினும் அதன் புகைபோக்கியான எக்ஸாஸ்ட்டையும் வெளித்தண்ணீர்தான் குளிர்விக்கிறது என்பதால், ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரால் அலசும் வேலை எந்த வண்டிக்கும் தவிர்க்க முடியாதது. பம்பைத் தலைகீழாகச் சுழற்றிச் சிக்கிய பாசியை வெளியே தள்ளும் வசதியும் சில சீ-டூ மாடல்களில் உண்டு.

பிரேக்கைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது வருத்தம் தருகிறது. பீய்ச்சும் நீரே வண்டிக்குச் சுக்கான் என்பதால், புதியவர் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் பீய்ச்சும் வேகம் அடங்கி, ஹேண்டில்பாரை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போய் மோதும். பீய்ச்சும் நீரை முன்பக்கம் திருப்பி வண்டியை நிறுத்தும் பிரேக்கைச் சீ-டூ 2009ஆம் ஆண்டு மாடலில் கொண்டுவந்தது; யமஹா பின்னர் கொண்டுவந்தது. விலை குறைந்த மாடல்களில் இது இல்லாமலும் இருக்கலாம் என்பதால், வாங்குவோர் கேட்டறிய வேண்டும்.

அடுத்த முறை ஒப்பிடும்போது, இம்பெல்லரும் வளையமும் என்ன விலை, எந்த ஊரில் கிடைக்கும் என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் மைத்துனரின் வண்டிக்கு அந்த ஒரு வளையம் வந்துசேர இரண்டரை மாதம் ஆயிற்று. அதற்குள் கோடை விடுமுறையே முடிந்துவிட்டது.

இப்படிக்கு,
பம்புசெட் பணிமனை உரிமையாளர்,
கணபதி, கோவை.