பெயரை விட்டு ஊரை மட்டும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோர மக்கள் தங்கள் பிரச்சினைகளைத் தாங்களே எழுத முன்வருவதில்லை என்று பலரும் குறைப்படுகிறார்கள். வேலை போக மிஞ்சிய நேரத்தில் கதையும் கட்டுரையும் எழுதிவரும், ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்துக்காரன் நான். கதை எழுதும்போது வராத தயக்கம், கருத்து என்று எழுத உட்கார்ந்ததும் வந்துவிடுகிறது. அதனால்தான், வாசகர் கடிதங்களில் பெயரை விட்டு ஊரை மட்டும் போட வழி கேட்டு இதை எழுதுகிறேன்.

சட்டத்துக்கு நான் அஞ்சவில்லை. அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு பேச்சுரிமை தந்திருக்கிறது. இணையத்தில் எழுதியவர்கள் மீது பாய்ந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையும் உச்ச நீதிமன்றம் 2015-இல் ரத்து செய்துவிட்டது. ஆனால் நான் நாட்டுப்படகு வீட்டில் பிறந்தவன். அக்காளைக் கட்டிக்கொடுத்தது விசைப்படகு வீட்டில். விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் இழுவைமடி வலை கடலடியை வழித்தெடுக்கிறது, குஞ்சு மீன்கூட மிஞ்சுவதில்லை என்று எழுதினால், அது மச்சானின் பிழைப்பைப் பற்றி எழுதியதாகிவிடும்.

பாக் நீரிணை விவகாரம் இன்னும் கடினம். இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற மீனவர்களின் வீடுகள் எங்கள் தெருக்களில் இருக்கின்றன. படகு அங்கே மாட்டிக்கொள்ள, அதற்கு வாங்கிய கடன் இங்கே வட்டியோடு வளர்கிறது. அந்தக் கண்ணீரைப் பார்த்துக்கொண்டே எழுத வேண்டும். அதே வேளையில், எதிர்க்கரையில் இருப்பவர்களும் தமிழ் மீனவர்கள். போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய அவர்களின் வலைகளை நம் பக்கத்து இழுவைமடிகள் அறுத்துப்போவதும் நடக்கிறது. 2017-இல் இலங்கை இழுவைமடியைத் தடை செய்தது. அதே ஆண்டில் நம் அரசும் இங்குள்ள இழுவைப் படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டையும் சேர்த்து நான்கு வரி எழுதினால், "நீ யார் பக்கம்?" என்பார்கள். கேட்பவர்கள் அந்நியர்கள் அல்லர். காற்று திரும்பிய இரவில் என் தம்பியின் வள்ளம் கரை சேராவிட்டால் தேடிப்போகப் போகிறவர்கள்.

கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு இதைவிடச் சிரமம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றைச் சுற்றி முங்கிப் பாசி எடுத்தே அவர்கள் குடும்பம் ஓடுகிறது. தொழிலைப் பற்றிப் பெயரோடு பேசச் சொன்னால், பூங்காவைக் காக்கும் வனத்துறையை நினைத்து வாயை மூடிக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்ல வேண்டியவை ஏராளம், நான் கேட்டிருக்கிறேன்.

எனவே ஒரு வேண்டுகோள். கடிதத்தில் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் கட்டாயம் கேளுங்கள். பேசி உறுதி செய்யுங்கள். தனிமனிதரை வசைபாடும் கடிதங்களைத் தள்ளிவிடுங்கள். அச்சிடும்போது மட்டும், எழுதியவர் கேட்டுக்கொண்டால் பெயரை விட்டு ஊரைப் போடுங்கள். பெயரை மறைப்பது கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள். எழுதிய மறுநாள் அதே மீன் ஏலக்கூடத்தில் அவர்கள் நிற்க வேண்டியதில்லை. என் முழு விவரத்தையும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தங்கச்சிமடம்