கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒரு வள்ளம் கட்டுங்கள்

தமிழ்நாடு தொல்லியல் துறையினருக்கு, பாம்பனிலிருந்து வணக்கம்.

இராமநாதபுரத்துக்கு நாவாய் அருங்காட்சியகம் வருகிறது என்று 2025 மார்ச்சில் நிதிநிலை அறிக்கையில் வாசித்த அன்று, எங்கள் தெரு டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. கீழடிக்கு வந்துவிட்டது, நமக்கு எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அதனால் இது குறை சொல்லும் மடல் இல்லை. அந்தக் கட்டடத்துக்குள் எதை வைப்பது என்று நீங்கள் கூடிப் பேசும்போது கரையில் இருப்பவனுக்கும் ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

அழகன்குளத்துப் பானை ஓடு கட்டாயம் நடுக்கூடத்தில் இருக்கும். இருக்கவும் வேண்டும். வைகை கடலைச் சேரும் ஆற்றங்கரைக்குப் பக்கத்து ஊர் அது. 1986-87 தொடங்கி உங்கள் துறையே பலமுறை அகழ்ந்து, ரோமானியக் காசுகளையும் பானை ஓடுகளையும் எடுத்தது. அதில் ஓர் ஓட்டின் மேல் யாரோ ஒரு கப்பலைக் கீறி வைத்திருக்கிறார். கீறியிருப்பது ரோமானியக் கப்பல் வகை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இதே கரையில் உள்ள பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் சில்லுகளும் பக்கத்திலேயே இருக்கும். சரி, இதெல்லாம் எங்கள் கரைக்கு வந்தவர்களின் கதை. இங்கிருந்து போனவர்கள் எதில் போனார்கள்?

எங்கள் தாத்தா வள்ளம் வைத்திருந்தார். வடக்கே தொண்டிப் பக்கம் ஓடும் பாய்ப்படகுக்கு வத்தை என்று பெயர். காற்று ஏறிப் பாய் ஒரு பக்கம் சாய்ந்தால், மறுபக்கம் நீட்டியிருக்கும் பலகையில் ஆள் ஏறி நின்று சமன் பார்ப்பார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தக் கரையின் படகுகளைப் பார்த்து 1920 வாக்கில் விரிவாக எழுதி வைத்தார். நம் ஆட்களில் யாரும் அப்படிக் குந்தியிருந்து எழுதியதை நான் பார்த்ததில்லை. தாத்தாவின் வள்ளம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஃபைபர் படகு வந்த பிறகு மணலில் கிடந்து வெயிலில் வெடித்தது. பாதிப் பலகை அடுப்புக்குப் போனது. மீதி எங்கள் ஆட்டுக்கொட்டகைக்குக் கதவாக ரொம்ப நாள் இருந்தது. அப்போது எனக்கும் அது வெறும் கதவுதான்.

மரம் போனால் கூடப் பரவாயில்லை, கூடவே சொல்லும் போகிறது. படகின் முன்பக்கம் அணியம், அடிமரம் ஏரா, விலா எலும்பு மாதிரி வளைந்த சட்டம் வங்கு, பாய் கட்டும் குறுக்குக் கழி பருமல். பலகை இடுக்கில் பஞ்சையும் குங்கிலியத்தையும் வைத்து அடைப்பதைக் கலப்பத்து என்பார்கள். என் மகனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. கச்சான், வாடை, கொண்டல், சோளகம் என்று காற்றின் பெயர் சொன்னால் செல்போனில் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். தனுஷ்கோடியில் ஒரு பக்கம் ஆண் கடல், மறுபக்கம் பெண் கடல் என்பதை மட்டும் சுற்றுலா வேன் ஓட்டுநர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி.

ஆகவே நான் கேட்பது இதுதான். திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கும் முன்னால், மர வள்ளம் கட்டத் தெரிந்த ஓடாவிகளை ஊர் ஊராகத் தேடுங்கள். எல்லாரும் வயதானவர்கள். அவர்களை வைத்து ஒரு வள்ளத்தை ஏரா போடுவதிலிருந்து பாய் கட்டுவது வரை உங்கள் செலவில் கட்டச் சொல்லுங்கள். முழுவதையும் படம்பிடியுங்கள். அப்புறம் அதைக் கடலில் இறக்கி ஓட்டிப் பார்த்துவிட்டுக் கூடத்தில் வையுங்கள். தண்ணீர் படாத வள்ளம் பொம்மைதான். பெயர்ப்பலகையில் கரைச் சொல்லை முதலில் எழுதுங்கள், விளக்கம் கீழே வரட்டும்.

இன்னொன்று, எல்லாவற்றையும் இராமநாதபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. கீழக்கரையில் பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் இன்னும் நிற்கின்றன. பவளப்பாறையை இப்போது வெட்டக் கூடாது, அது சரியான சட்டம். ஆனால் வீடு ஒழுகும்போது வீட்டுக்காரர் சிமென்ட்தான் பூசுகிறார். சிமென்ட் உப்பையும் ஈரத்தையும் உள்ளேயே அடைத்துவிடும், சில வருடத்தில் சுவர் பொரிந்து உதிரும். சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார் இரண்டு பேரை நீங்கள் தயார் செய்து அனுப்பினால் தெருக்களே பிழைக்கும். 1964 டிசம்பர் புயலில் மிஞ்சிய தனுஷ்கோடி தேவாலயச் சுவரும் இதே பவளக்கல்தான். அதில் பெயர் கிறுக்குகிறவர்களைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும், விடுங்கள்.

பாம்பன் பழைய ரயில் பாலம் ரயில்வேக்குச் சொந்தம், தெரியும். 1914 முதல் ஓடிய பாலம். கப்பல் போக அதன் தூக்குப் பகுதியை ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். பழைய இரும்பாக எடைக்குப் போவதற்கு முன்னால் அந்தச் சுற்றும் கைப்பிடியையாவது கேட்டு வாங்குங்கள். ஊர்ப் பிள்ளைகள் அதைப் பிடித்துச் சுற்றிப் பார்க்கட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறியிருக்கும், மரவேலைக்காரர்கள் உளியும் கையுமாக ஒரே இடத்தில் இருப்பார்கள். அப்போது வாருங்கள். காலை பத்து மணிக்குள் வந்தால் நல்லது, அதற்குப் பிறகு மணலில் நிற்க முடியாது. யாரிடம் போவது என்று டீக்கடையில் கேட்டால் கூட்டிக்கொண்டு போய் விடுவோம்.

இப்படிக்கு,
பாம்பன் வள்ளக்காரர் ஒருவரின் பேரன்