மகளின் படிப்பு குறித்துத் தோழிக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை,
வைகாசி மாதம்.

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்து நிம்மதியடைந்தேன். இங்கே அனைவரும் நலம். பெரியவன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இவர் ஓய்வு பெற இன்னும் ஓராண்டு இருக்கிறது. மற்றவற்றை நேரில் பேசிக்கொள்ளலாம். நீ கேட்டிருப்பது காலம் தாழ்த்தக் கூடாத கேள்வி என்பதால் நேராக அதற்கே வருகிறேன்.

உடலையும் மனத்தையும் உணவையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் மருத்துவத்தைத்தான் படிப்பேன் என்று உன் மகள் உறுதியாக நிற்பதாகவும், சித்த மருத்துவமா, யோகாவும் இயற்கை மருத்துவமுமா, இல்லை கைபேசியில் விளம்பரம் வருகிற ஆறு மாத ‘ஹோலிஸ்டிக் வெல்னஸ்’ சான்றிதழ்ப் படிப்பா என்று வீட்டில் தினமும் பேச்சு ஓடுவதாகவும் எழுதியிருந்தாய். ஐந்தரை ஆண்டு படித்து முடித்த பிறகு வேலைக்கு என்ன உறுதி என்று வீட்டில் அண்ணன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒரு சித்த மருத்துவராக இத்தனை ஆண்டுகள் புறநோயாளிகளோடு உட்கார்ந்து பழகியவள் என்ற முறையில் நான் முதலில் கேட்பது வேறு கேள்வி. அந்தப் படிப்பில் அவள் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பாளா, யாருடைய மேற்பார்வையில் பார்ப்பாள், தன்னால் முடியாத நோயை அடையாளம் கண்டு மேலே அனுப்பும் பயிற்சி அவளுக்குக் கிடைக்குமா என்பதை வைத்துத்தான் நான் எந்தப் படிப்பையும் எடைபோடுவேன்.

சென்ற ஆண்டு எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். காலை ஓ.பி.யில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, இடது தோளும் கழுத்தும் வலிக்கிறது, வர்மப் புள்ளிகளை அழுத்திச் சரிசெய்து விடுங்கள் என்று வந்து உட்கார்ந்தார். என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்த மாணவிதான் முதலில் அவரைப் பார்த்தாள். தோளைத் தொட்டவள் கையை எடுத்துக்கொண்டு, சேலை முந்தானை நனைந்திருப்பதைக் கவனித்து, எப்போதிருந்து வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறதா, சர்க்கரை உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். தோளை அழுத்தினால் வலி கூடவில்லை என்பதும் அவளுக்கு உறுத்தியது. ஓடிவந்து என்னிடம் சொன்னாள். பக்கத்து அறையில் இ.சி.ஜி. எடுத்தோம், மாரடைப்பு. 108 வண்டியில் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். அந்த மாணவிக்கு அப்போது வயது இருபத்து மூன்று இருக்கும். உடற்கூறும் நோய்க்குறியியலும் படித்து, வார்டில் இரவுப் பணி பார்த்து வந்ததால்தான் அவளுடைய கை அன்று தயங்கியது. இந்தத் தயக்கத்தைப் பதிவு செய்யப்பட்ட வகுப்புகளைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொள்ள முடியும் என்று நான் நம்பவில்லை.

அதனால் அந்த ஆறு மாதச் சான்றிதழ் இப்போது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதைப் படித்தவர் மருத்துவர் ஆகிவிட முடியாது; எந்த மாநில மருத்துவப் பதிவேட்டிலும் அவர் பெயர் ஏறாது. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவோம், புற்றுநோயைப் போக்குவோம் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. அப்படி இருந்தும் அந்தச் சொற்களைக் கூசாமல் பயன்படுத்தும் விளம்பரங்களை நானே பார்த்திருக்கிறேன். யோகா மட்டும் கற்பிக்க வேண்டும் என்றால் அதற்கு ஒழுங்கான வழி உண்டு. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் இருக்கும் யோகா சான்றளிப்பு வாரியம் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைத்துப் பல நிலைகளில் சான்று அளிக்கிறது. அதை அவள் பின்னர் எந்தப் படிப்போடும் சேர்த்துக்கொள்ளலாம்.

சித்த மருத்துவப் பட்டப்படிப்பு நாலரை ஆண்டுப் பாடமும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் கொண்டது. இந்தப் பாளையங்கோட்டை அரசுக் கல்லூரி 1964இல் தொடங்கப்பட்டது. சென்னை அரும்பாக்கத்தில் இன்னோர் அரசுக் கல்லூரி இருக்கிறது. மேற்படிப்புக்கு இவற்றோடு தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் உண்டு. உன் மகள் பாட்டியின் கைவைத்தியத்தைப் பார்த்துத்தான் இதில் ஆசைப்பட்டாள் என்று எழுதியிருந்தாய். அந்த ஆசை நல்லது, ஆனால் வகுப்பில் அது வேறு முகம் காட்டும். சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பாய். மருந்துச் சரக்குகளைப் படிக்கும் குணபாடச் செய்முறையில் சுக்கின்மேல் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, காய வைத்து, கழுவி, தோலைக் கத்தியால் சீவி எடுக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் எரியும். சேராங்கொட்டையை நச்சு நீக்கிச் சுத்தி செய்யும்போது அதன் எண்ணெய் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். நிலவேம்புக் குடிநீரில் சேரும் ஒன்பது சரக்குகளை ஒப்பிப்பது எளிது. நாட்டு மருந்துக் கடையில் பற்படாகம் என்று கட்டித் தரும் காய்ந்த செடி உண்மையில் அதுதானா என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் கண் பழக வேண்டும்.

அதோடு, மூலநூல்கள் எல்லாம் செய்யுள். சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாக நீள்கிறதா, மோதிரமாகப் பரவுகிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்த்து வாத பித்த கபத்தை உணரும் நெய்க்குறியைப் பாட்டாகவே படிப்பாள். அதே வாரத்தில் சர்க்கரைக்கும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினுக்கும் ஆய்வக அறிக்கையைப் படிக்கவும் பழகுவாள். இரண்டையும் ஒரு மனத்தில் வைத்துக்கொள்ளும் பொறுமை வேண்டும். பழைய நூலில் உள்ளது என்பதாலேயே அனைத்தும் சோதித்து நிறுவப்பட்டதாகிவிடாது என்பதையும், பாதரசமும் பாஷாணங்கள் எனப்படும் நச்சுச் சரக்குகளும் சேரும் மருந்துகளில் தயாரிப்பு பிசகினால் சிறுநீரகம் கெடும் என்பதையும் நேர்மையாகச் சொல்லித் தரும் ஆசிரியர்கள் அமைவது பெரும் பேறு. உன் மகள் தமிழில் ஆர்வம் உள்ளவள், கேள்வி கேட்கக் கூச்சப்படாதவள். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால், என் மனம் அவளுக்குச் சித்த மருத்துவத்தையே முதலிடத்தில் வைக்கிறது.

மருந்தைவிட வாழ்க்கை முறையை மாற்றுவதில்தான் அவளுக்கு நாட்டம் என்றால் இயற்கை மருத்துவம், யோக அறிவியல் பட்டப்படிப்பு பொருந்தும். அதுவும் ஐந்தரை ஆண்டுதான். மண்பட்டி, இடுப்புக் குளியல், நீராவிக் குளியல், நோன்பு, உணவு, யோக சிகிச்சை, அக்குபஞ்சர் என்று பாடம் விரியும். உடற்கூறும் உயிர்வேதியியலும் இதிலும் உண்டு. காந்தியடிகள் 1946இல் புனேக்கு அருகிலுள்ள உருளிகாஞ்சனில் கிராமத்து ஏழைகளுக்காக இயற்கை மருத்துவ ஆசிரமத்தைத் தொடங்கியதிலிருந்து இந்தத் துறைக்கு நம் நாட்டில் ஒரு சேவை மரபு இருக்கிறது. அரும்பாக்கத்திலும் செங்கல்பட்டிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. தமிழ்நாட்டில் இதற்குப் பல ஆண்டுகளாக நீட் இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை நடந்து வந்திருக்கிறது. இந்த ஆண்டுக் கையேட்டை ஒரு முறை பார்த்துக்கொள். ஒரு குறையையும் சொல்ல வேண்டும். சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றை ஒழுங்குபடுத்த 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய இந்திய மருத்துவ முறை ஆணையத்தின் வரம்புக்குள் இயற்கை மருத்துவம் வரவில்லை. வேறு மாநிலத்தில் பணி செய்ய விரும்பினால், அங்கே பதிவு எப்படி என்று தனியாக விசாரிக்க வேண்டியிருக்கும்.

இரண்டுமே அமையாவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம். உணவியலும் ஊட்டச்சத்தும் படித்தவர்களையும் இயன்முறை மருத்துவர்களையும் 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் முறையான மருத்துவத் தொழில்முறையாளர்களாக அங்கீகரித்திருக்கிறது. எங்கள் பகுதியில் சர்க்கரை நோயாளி ஒருவருக்கு அவருடைய வீட்டுச் சோற்றையும் குழம்பையும் வைத்தே உணவுத் திட்டம் எழுதிக் கொடுக்க ஆள் கிடைப்பது அரிதாக இருக்கிறது.

அண்ணனின் கவலைக்கு வருகிறேன். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் சித்த மருத்துவ அலுவலர்களைத் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் ஆண்டுதோறும் படித்து வெளிவருகிறவர்களோடு ஒப்பிட்டால் இடங்கள் மிகக் குறைவு. சொந்த மருத்துவமனை நிலைபெறப் பல ஆண்டுகள் ஆகும். இதை அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடு. ஆகவே கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்ப்பதை நான் எளிதில் ஆதரிக்க மாட்டேன். அவள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், 2020இல் கொண்டுவந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இந்திய மருத்துவப் படிப்புகளுக்கும் உண்டு என்பதை மறந்துவிடாதே. பள்ளிச் சான்றுகளை இப்போதே வாங்கி வைத்துவிடு. கலந்தாய்வு நேரத்தில் தலைமையாசிரியரைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

ஒருவேளை தனியார் கல்லூரியையே பார்க்கும் நிலை வந்தால், சேர்க்கைக்கு முன்பு ஒரு வேலை நாளில், முன்கூட்டிச் சொல்லாமல், காலை பத்து மணிக்கு அதன் மருத்துவமனைக்குள் நடந்து போய்ப் பாருங்கள். ஓ.பி. வரிசை இருக்கிறதா, வார்டுக் கட்டில்களில் நோயாளிகள் உண்மையில் படுத்திருக்கிறார்களா, மருந்து செய்யும் கூடத்தில் அடுப்பு எரிகிறதா என்று கவனியுங்கள். கட்டடம் பளபளப்பாக இருந்து கட்டில்கள் காலியாக இருந்தால் அங்கே சேர்க்காதே.

நீட் முடிவு வருவதற்குள் நீங்கள் இருவரும் இங்கே வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவது நல்லது. காலையில் அவள் என்னோடு ஓ.பி.யில் உட்காரட்டும், புண்ணைக் கழுவுவதையும் தொக்கணம் என்னும் உடல் பிடித்துவிடும் சிகிச்சை செய்வதையும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். மதியத்துக்கு மேல் கல்லூரி மூலிகைத் தோட்டத்துக்கு அழைத்துப் போகிறேன். இறுதியாண்டு மாணவிகள் சிலரிடம் அவள் தனியாகப் பேசவும் ஏற்பாடு செய்கிறேன். நான் கூட இருந்தால் அவர்கள் மனம் விட்டுப் பேச மாட்டார்கள். எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்பதை முன்பே எழுது. செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு வெளியூர் முகாம் இருக்கும், அந்த நாளை மட்டும் தவிர்த்துவிடு.

அன்புடன்,
உன் தோழி,
செண்பகம்